பாலத்து ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர்

என் தம்பிக்கு ஆபீஸில் 'ஸ்கேல்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேனா சொருகுகிற சட்டைப் பையில் இவன் ஒரு அடிஸ்கேலைச் சொருகியிருப்பான். குனிந்து சாப்பிட்டால் அது தாடையில் இடிக்கும். குனிந்து செருப்பு மாட்டினாலும் இடிக்கும். "அந்தக் குச்சியக் கழட்டி வெச்சுட்டுத்தான் தின்னேன்டா" என்றால், "பழகிருச்சுக்கா" என்பான்.

அவன் ரயில்வேயில் வேலை பார்த்தான். ரயில் ஓட்டினானா என்றால் இல்லை. டிக்கெட் கொடுத்தானா, கொடி காட்டினானா, அதுவும் இல்லை. "அப்ப என்னதான் பண்றாரு உங்க தம்பி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "கோடு போடுறான்" என்றேன். நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்து அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நான் சொன்னது உண்மை. அவன் கண்ட்ரோலர். ஒற்றைத் தண்டவாளத்தில் போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் ஒரே தாளில் கோடாகப் போட்டு, எது எங்கே நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று சொல்லுகிற வேலை. எழுத்துக்கூட்டத் தெரியாத எனக்கு அதை ஒரு நாள் பழைய பேப்பர் ஓரத்தில் கிறுக்கிக் காட்டினான். நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருக்கா. இந்தப் பக்கம் ஸ்டேஷனெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேல வரிசையா மணி. ஒரு வண்டி கிளம்புது. நேரமும் நகருது, ஊரும் நகருது. ரெண்டும் சேர்ந்தா சாய்வா ஒரு கோடு. வேகமா போற வண்டிக்குக் கோடு எந்திரிச்சு நிக்கும். மெதுவா போனா படுத்துக்கும்."

"உன் பெண்டாட்டி மாதிரின்னு சொல்லு."

"காதுல விழுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எதுத்தாப்புல இன்னொரு வண்டி வருது. அதுக்கு எதிர்ச் சாய்வா ஒரு கோடு. ரெண்டும் எங்க வெட்டுதோ, அந்த எடத்துல, அந்த நேரத்துலதான் ரெண்டு வண்டியும் மூஞ்சியோட மூஞ்சி பாக்கும்."

"தண்டவாளம் ஒண்ணுதானேடா? முட்டிக்காதா?"

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்? வெட்டுற எடம் ஸ்டேஷன்ல விழுந்தா கவலையில்ல. அங்க பக்கத்துலயே லூப் லைன்னு இன்னொரு தண்டவாளம் இருக்கும். ஒண்ணு அதுல ஒதுங்கிக்கும். நடுக்காட்டுல விழுந்துச்சுன்னா, ஒண்ண முன்னாடியே ஒரு ஸ்டேஷன்ல பிடிச்சு வெக்கணும். எதப் பிடிக்கறது, எத விடறதுங்கறதுதான் வேலையே."

விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஒரே வாசற்படியில் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டும். என் புருஷன் போன பிறகு ஒரு தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் நான். அதெல்லாம் எனக்குப் பேப்பரில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்கள். நானும் தம்பி பெண்டாட்டியும் அப்படித்தான். ஆனால் இரண்டுமே மழுங்கின கத்தி. உரசினோமே தவிர, வெட்டிக்கொண்டதில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். சிட்டு என்று கூப்பிடுவோம். உருவம்தான் சிட்டு, வாய் என்னைக் கொண்டது.

அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கணக்கில் இதே சமாசாரம் வந்தது. தெரியாத இரண்டு எண், அதற்கு இரண்டு சமன்பாடு. இரண்டையும் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைந்தால், வெட்டுகிற புள்ளிதான் விடை. "அத்த, இது அப்பாவோட வண்டி!" என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. அப்பனும் மகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கோடு போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

"ரெண்டு கோட்டுக்கும் சாய்வு ஒண்ணா இருந்தா எங்கயும் வெட்டாது. விடையே கிடையாது" என்பாள் சிட்டு.

"நானும் உங்க அத்தையும் மாதிரி" என்பாள் தம்பி பெண்டாட்டி, தட்டை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே.

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே கோடா விழுந்துட்டா?" என்பான் தம்பி.

"அதுக்குப் பேரு கல்யாணம். யாரு எதுன்னு தெரியாது. தாளை எடுடி, சோறு ஆறுது" என்பேன் நான்.

ஒரு நாள் சிட்டு அழுகிற மாதிரி வந்தாள். கோடு சரியாகத்தான் போட்டிருக்கிறாள், ஆனால் விடை புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. தம்பி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே சாய்வு. ரொம்ப தூரம் ஒட்டி ஒட்டிப் போய்த்தான் ஒன்றையொன்று வெட்டுகிறது.

"இதுல உன் தப்பு ஒண்ணுமில்லம்மா. கோடு குறுக்க வெட்டினா புள்ளி பளிச்சுனு தெரியும். இப்படி ஒட்டி ஒட்டிப் போனா எங்க வெட்டுதுன்னு சொல்லவே முடியாது. பென்சில் கோட்டுத் தடிப்பே ஒரு ஊர மறைச்சுரும். இந்த மாதிரி வந்தா கோட்ட நம்பாத."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பின்னாடி வேக வண்டி, முன்னாடி மெது வண்டி. ஒரே பக்கமா போகுதுல்ல? அப்பத்தான் இப்படி ஒட்டும். மெது வண்டி எந்த ஸ்டேஷன் வரைக்கும் தாங்கும்னு கோடு சொல்லுதோ, அதுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடியே அத லூப்புல ஒதுக்கிருவேன். கொஞ்ச நேரம் வீணாகும். ஆகட்டும். எங்க டேபிள்ல எல்லாரும் அப்படித்தான்."

இது அவன் வேலைப் பழக்கம். வருஷக் கணக்காக அதை அவன் மீறியதில்லை.

சிட்டு வளர்ந்தாள். மின்சாரப் படிப்பு படித்தாள். படித்து முடித்ததும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "நான் இன்ஜின் டிரைவர் பரீட்சை எழுதப்போறேன்" என்றாள். தம்பி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

அவன் வேண்டாம் என்றான். பொம்பளைப் பிள்ளை அது இது என்று அவன் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் நானே கரண்டியால் ஒன்று போட்டிருப்பேன். அவன் பயம் வேறு. "தண்டவாளத்துல வந்து விழறவன முதல்ல பாக்கறது டிரைவர்தான்க்கா. பிரேக்கப் பிடிச்சாலும் நிக்காதுன்னு தெரிஞ்சே பிடிக்கணும். அப்புறம் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. அந்தக் குரல நான் கேட்டிருக்கேன். என் மக குரல அப்படிக் கேக்க முடியாது."

சிட்டுவிடம் இதை அவன் இப்படிச் சொல்லவில்லை. "யோசிச்சுப் பாரும்மா" என்றான், "வேற நல்ல வேல இருக்கு" என்றான். மென்று முழுங்கினான். அவள் விடுவாளா?

"நீங்க கோடு போடுறீங்க. நான் அந்தக் கோட்டு மேல போறேன். அவ்வளவுதானேப்பா?"

இரண்டு தடவை எழுதித் தோற்றாள். மூன்றாம் தடவை எழுத்துத் தேர்வில் பாஸ். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பெரிய ஆபீஸ் இருக்கிற ஊருக்குப் போய், கண்ணையும் கையையும் கவனத்தையும் மெஷினில் வைத்துச் சோதிக்கிற தேர்வு. ஒரே நாள். பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. இதைத் தவறவிட்டால் அந்த வேலை இந்த ஜென்மத்தில் கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

"முந்தின நாளே போயிரட்டும். அங்க என் பெரியம்மா பொண்ணு வீடு இருக்கு" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "எதுக்கு அடுத்தவங்க வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டு? காலைப் பாசஞ்சர்ல போகட்டும். ஒம்பதரைக்கு முன்னாடியே போயிரும். அன்னைக்கு டேபிள்ல நான்தான் இருக்கேன்."

சிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். "அப்ப உங்களுக்குச் சம்மதமாப்பா?"

"போய்ட்டு வா" என்றான். வாய் முழுசாகத்தான் சொன்னது. முகம் பாதியில் நின்றுவிட்டது. அவள் வாய் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு குதித்தாள்.

தேர்வு நாளன்று விடிந்ததிலிருந்து தூறல். தம்பி சாப்பிடாமல் ஓடிவிட்டான். வயிற்றுப் புண்காரன், காயப் போடக் கூடாது. சிட்டுவை வண்டியேற்ற அவன் பெண்டாட்டி ஸ்டேஷனுக்குப் போனாள். நான் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவன் ஆபீஸுக்குப் போனேன். வாசல் காவல்காரனுக்கு என்னைத் தெரியும். நிறுத்தினால் என் வாயிலிருந்து என்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது அவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கண்ட்ரோல் ரூம் நீள அறை. ஜன்னல் எல்லாம் சாத்தி, பகலிலும் டியூப்லைட் எரியும். சுவரோரமாக மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தண்டவாளம். தம்பி மேஜையில் கட்டில் விரிப்பு அகலத்துக்கு ஒரு தாள். அதில் சிவப்பு, பச்சை, கறுப்பு எனக் கோடுகள். காதில் மாட்டுகிற போன், ஸ்பீக்கர் பெட்டி, பென்சில் சீவுகிற பிளேடு, சீவின தூள் ஒரு ஜாடி மூடியில். அடுத்த மேஜைக்காரரை 'வெங்கலம்' என்று கூப்பிடுவார்கள். அவர் மெதுவாகப் பேசினால் வாசலில் கேட்கும்.

நான் போன நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் மாஸ்டர். பாலத்து ஸ்டேஷன் என்பார்கள்.

"ஸ்கேல் சார், கூட்ஸ் வந்துட்டிருக்கு. லூப்புல எடுக்கட்டுமா, நேரா விடட்டுமா?"

தம்பி தாளைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன்; எழுத்துத் தெரியாவிட்டாலும் அவன் சொல்லிக்கொடுத்த கோடு தெரியும். கூட்ஸ் வண்டிக்கு ஒரு கோடு, அதன் பின்னாலேயே சிட்டு வருகிற பாசஞ்சருக்கு ஒரு கோடு. பாசஞ்சர் எல்லா ஊரிலும் நின்று வருவதால் அதற்கும் பெரிய வேகமில்லை. இரண்டு கோடும் இரட்டை நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு போயின. பாலத்து ஸ்டேஷனுக்கு அடுத்தது மேட்டு ஸ்டேஷன். நடுவில் நல்ல ஏற்றம். கோடு இரண்டும் மேட்டு ஸ்டேஷன் தாண்டித்தான் வெட்டுகிற மாதிரி இருந்தது. அதாவது கூட்ஸ் மேட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம், பாசஞ்சருக்கு இடைஞ்சல் இல்லை. கோட்டை நம்பினால்.

"லூப்புல எடுக்கச் சொல்லுய்யா!" என்றார் வெங்கலம். "மக வண்டியில்ல பின்னாடி வருது? இன்னைக்கு இந்த லைன்ல காக்கா குருவி குறுக்க போகக் கூடாது! மந்திரிக்குக்கூட இப்படி ரோடு காலி பண்ண மாட்டாங்க!"

அறை முழுக்கச் சிரித்தது. "ஸ்கேலு, கூட்ஸ ஆத்துலயே தள்ளிருங்க" என்று இன்னொருத்தர்.

நல்ல மனசோடு சொன்ன கிண்டல்தான். ஆனால் தம்பியின் காது மடல் சிவந்துபோனது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒருத்தர் அவனைப் பார்த்து 'உனக்குன்னு எடுத்துக்கிட்டே' என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற பண்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்பான். அதற்காக எங்கம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான்.

பென்சிலைப் பிளேடால் சீவினான். ஊசி மாதிரி சீவினான். ஸ்கேலை வைத்துப் பழைய கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தான். புள்ளி மேட்டு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது.

"சார்?" என்றது ஸ்பீக்கர்.

"நேரா விடுங்க" என்றான் தம்பி.

"அட, அரிச்சந்திரன்டா!" என்றார் வெங்கலம். நான் கேரியரை மேஜைக்கு அடியில் வைத்து, "ஆறிரும், தின்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கோடு போடுகிறவன் அவன்.

ஏற்றத்தில் கூட்ஸ் நின்றுவிட்டது. தூறலில் நனைந்த தண்டவாளம், பாரம் ஏற்றின வண்டி. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியதாம். யானைக்கே அடி சறுக்கும்போது அது இரும்பு, சறுக்காதா? முன்னால் ஒரு வண்டி நிற்கும்போது பின்னால் இன்னொன்றை விட முடியாது. பாசஞ்சர் பாலத்து ஸ்டேஷனில் நின்றது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் முள்காடு. இறங்கி ஓடலாம் என்றால் ரோடே கிடையாது. பின்னாலிருந்து வேறு இன்ஜின் வந்து கூட்ஸைத் தள்ளி மேட்டில் ஏற்றுகிற வரைக்கும் சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டி வெகு நேரமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்தாள். தம்பி அவளுக்கு முன்னாலேயே வந்து, சாப்பாட்டு மேஜை முன்னால் சட்டை கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவள் அழுவாள், கத்துவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"லூப் காலியா இருந்துச்சுப்பா."

அவன் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தான்.

"நான் ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருந்தேன். பக்கத்துல லூப் லைன் காலியா கெடந்துச்சு. கூட்ஸு அதுலதானே நின்னுட்டிருக்கணும்? ஏன் முன்னாடி போச்சு?"

"கோடு அப்படி விழுந்துச்சும்மா."

"ஒட்டிப் போச்சா?"

"...ஆமா."

"ஒட்டிப் போனா நம்பக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சிட்டு விடவில்லை. "வேற யாரு வண்டியாவது அது பின்னாடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

வேறொருத்தனாக இருந்தால் பொய் சொல்லியிருப்பான். ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். இவன் சொன்னான், "ஒதுக்கியிருப்பேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்ப்பா?"

"மகளுக்காகப் பண்ணினேன்னு... ரூம்ல எல்லாரும்... நாலு பேரு ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுன்னு..."

"எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. ஊர்ல போறவளுக்குப் பண்றதப் பண்ணியிருந்தாப் போதும்."

தம்பி எழுந்து முகம் கழுவப் போனான். அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அத வாயால சொல்லித் தடுத்திருக்கலாம். வண்டிய வெச்சுத் தடுத்துட்டீங்க."

"அடிப்பாவி, அப்பாவையா சொல்ற?" என்றாள் அவள் அம்மா. ஆனால் அந்தக் குரலில் பலமில்லை. அன்று ராத்திரி என்னிடம் வந்து, "தனக்கு மிஞ்சித்தான் தானம்பாங்க அண்ணி. இந்த மனுஷன் பெத்த பிள்ளைக்கு வெச்சிருந்தத எடுத்துக் கூட்ஸ் வண்டிக்குக் குடுத்துட்டாரே" என்று சொல்லி, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் தம்பி அந்தப் பெரிய ஆபீஸுக்குப் போய் நின்றான். வண்டி லேட், என் பெண்ணுக்கு இன்னொரு நாள் கொடுங்கள் என்று கேட்டான். முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். ரயில் லேட் என்பதை ரயில்வே ஒருபோதும் காரணமாக ஏற்றுக்கொள்ளாதாம்.

அதற்குப் பிறகு அவன் கோடு மாறிப்போயிற்று. ஒரு ஸ்டேஷன் முன்னால் ஒதுக்குகிற கூட்ஸை மூன்று ஸ்டேஷன் முன்னாலேயே ஒதுக்க ஆரம்பித்தான். ஒட்டிப் போகிற கோடு, பளிச்சென்று வெட்டுகிற கோடு என்று பேதமே இல்லை, எல்லாவற்றையும் ஒதுக்கினான். டிரைவர்கள் நாள் முழுக்க லூப்பில் நின்று போனில் திட்டினார்கள். ஸ்கேல் என்ற பெயர் போய் 'ஓரம்' என்று பெயர் வந்தது. கடைசியில் அவனையே ஓரங்கட்டி பார்சல் ஆபீஸில் போட்டார்கள். ரிட்டையர் ஆகிற வரைக்கும் மூட்டை எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

சிட்டு வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். நல்ல பையன். வருஷத்தில் இரண்டு தடவை வருவாள். அவள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நேர் ரயில் இருக்கிறது. அவள் இரண்டு பஸ் மாறித்தான் வருவாள். வந்தால் சிரிப்பாள், அம்மாவுக்குத் துணி எடுத்து வருவாள், என்னை வம்புக்கு இழுப்பாள். அப்பாவிடம், "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்பாள். அவன், "ஆச்சும்மா" என்பான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அந்தச் சாப்பாட்டு மேஜையில் இப்போது எத்தனை தட்டு வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தம்பி கேட்டான். "அக்கா, நான் அன்னைக்கு ஏன் நேரா விடச் சொன்னேன்?"

"என்னக் கேக்கறியா? வெங்கலம் கிண்டல் பண்ணினான். உனக்கு ரோஷம் வந்துச்சு."

"அப்படித்தான் நானும் நெனைக்கிறேன். ஆனா பென்சில சீவும்போது உள்ளுக்குள்ள இன்னொண்ணும் ஓடுச்சுக்கா. இந்த வண்டி போய்ச் சேரலேன்னா அவ இன்ஜின் ஏற மாட்டா. நம்ம கூடவே இருப்பா. அதுவும் ஓடுச்சு. ரெண்டும் ஒட்டி ஒட்டி ஓடுச்சு. எது என் கையப் பிடிச்சுக் கோடு இழுத்துச்சுன்னு எனக்கே தெரியல."

என் கையில் ஈர வேட்டி. அதை உதறினேன். "தெரியாதத நெனச்சுத் தெரிஞ்ச வயித்தக் கெடுத்துக்காத" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

போன தடவை சிட்டு வந்தபோது அவள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். தம்பி மாடியில் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டான். தட்டுத் தடுமாறி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிச் சொன்னான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

பிறகு சிட்டு சொன்னாள்.

"நீங்க வேணும்னே நிறுத்தினீங்கன்னுதான் ரொம்ப வருஷம் நெனச்சேன்ப்பா. அப்பல்லாம் கோபமா இருந்துச்சு. ஆனா ஒரு ஆறுதலும் இருந்துச்சு. என்ன விட மனசில்லாமத்தானே பண்ணினாருன்னு. ரோஷத்துக்குத்தான் பண்ணினீங்கன்னு ஒரு பக்கமா சொல்லியிருந்தா, அதையும் ஒரு நாள் அழுது முடிச்சிருப்பேன். இப்ப தெரியலங்கறீங்க. நான் எத மன்னிக்கறது?"

"தெரியலையேம்மா" என்றான் மறுபடியும். பாவி, அப்போதாவது ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா? பிடித்து வைக்கத்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். எனக்குத் தெரியும், அவளை வளர்த்தவள் நான். ஆனால் அவன் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டான். ஒட்டிப் போன கோடு எங்கே வெட்டும் என்று ஒரே ஒரு நாள்தான் தெரிந்த மாதிரி சொன்னான், அந்த ஒரு நாளுக்குத்தான் இத்தனையும்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கூடப் போனேன். அவனும் கிளம்பினான். "வெயிலாயிருக்குப்பா, நீங்க இருங்க" என்று அவள் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உங்கப்பன் உன்னப் பிடிச்சும் வெக்கல, விடவும் இல்லடி. ரெண்டுக்கும் அவனுக்குத் தைரியம் பத்தல. அவ்வளவுதான். பெருசா யோசிக்காத" என்றேன்.

"தெரியும் அத்த" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒருவேள நான் டிரைவர் ஆகியிருந்தா அவருக்குத் தினமும் பயந்து பயந்தே உசுரு போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டியிருப்பேன் அத்த. நல்லா ஓட்டியிருப்பேன்."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. தம்பிதான் பக்கத்தில் இருந்தான். எடுக்கவில்லை. அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தேன்.

"சேர்ந்துட்டேன் அத்த."

"அப்பாகிட்ட குடுக்கவா?"

அவள் பதில் சொல்வதற்குள் இவன் பக்கத்தில் வந்து கையை நீட்டிவிட்டான்.

"வேணாம் அத்த. சேர்ந்துட்டேன்னு சொல்லிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"சேர்ந்துட்டாளாம்" என்றேன்.

"லேட்டாகலையே?" என்று கேட்டான்.